"யார் பார்த்துக்கிறாங்க?" என்று டாக்டர் கேட்டபோது அண்ணி கதவோரம் நின்றிருந்தார்

கேள்வி இதுதான்: "மாமனாருக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. கணவர் வேலைக்குப் போய்விடுவார், பகலெல்லாம் நான்தான் பார்க்கிறேன். சில நாள் கத்திவிடுகிறேன், அப்புறம் ராத்திரி தூக்கம் வருவதில்லை. சமூக மனநல ஆதரவு என்று சொல்கிறார்களே, அது என்ன? என்னைப் போல வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றி யாராவது ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா? அதனால் எனக்கு ஏதாவது பயன் உண்டா?"

செய்திருக்கிறார்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் மட்டும் இல்லை. வேலூரில், சென்னையில், கோவாவில், திருச்சூர் பக்கத்தில் வீடு வீடாகப் போய் உங்களைப் போன்றவர்களிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டறிந்ததில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே அனுபவத்தில் தெரிந்ததாக இருக்கும். மீதிப் பாதி கைகொடுக்கும் என்று நம்புகிறேன். அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொழுது கிடைக்கும்போது பகுதி பகுதியாகப் படியுங்கள்.

நான் மனநல சமூகப் பணியாளராக 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். எங்கள் அப்பாவுக்கும் இந்த நோய் இருந்தது. அவர் 40 வருடம் மளிகைக் கடை வைத்திருந்தவர். நோய் முற்றிய காலத்தில் தினமும் விடிகாலை 4 மணிக்கு எழுந்து கடைச் சாவியைக் கேட்பார். கடையை விற்று அப்போது 6 வருடம் ஆகியிருந்தது. "கடையைத்தான் வித்தாச்சேப்பா" என்று அண்ணன் சொல்வார். அப்பாவுக்கு அது ஒவ்வொரு நாளும் புதுச் செய்தி. யாரைக் கேட்டு விற்றாய் என்று ஆரம்பிப்பார், கடைசியில் அண்ணி சாவியை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று முடிப்பார். ஒரு நாள் அண்ணியை அடித்தும் விட்டார். தெருவில் போகிறவர்களிடம் "ரெண்டு நாளா சோறு போடலை" என்று சொல்வார். தட்டு காய்ந்திருக்காது, அதற்குள் சொல்வார்.

அப்பாவை முதல் தடவை டாக்டரிடம் கூட்டிப் போனபோது நானும் போயிருந்தேன். "வீட்டில் யார் பார்த்துக்கிறாங்க?" என்று டாக்டர் கேட்டார். "நாங்கதான் சார்" என்றார் அண்ணன். சாப்பாடு, தூக்கம், குளியல் பற்றிய கேள்விகளுக்கும் அண்ணன்தான் பதில் சொன்னார். தினமும் குளிப்பாட்டிய அண்ணி மாற்றுத்துணிப் பையோடு கதவோரம் நின்றிருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதே தொழிலில் இருந்த நானும் கேட்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. மூன்று வருடம் கழித்து அண்ணிக்கே மனச்சோர்வுக்கு மாத்திரை எழுத வேண்டியதானது.

அந்த "நாங்கதான்" என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு பெண் எப்படிக் காணாமல் போகிறாள் என்பதை ஆராய்ச்சிகள் எண்ணிக்கையாகவே காட்டியிருக்கின்றன. அதிலிருந்து தொடங்குகிறேன்.

10/66 டிமென்ஷியா ஆராய்ச்சிக் குழு என்று ஒன்று உண்டு. பெயர் விசித்திரமாகத் தெரியும், காரணம் எளிமையானது. அப்போதைய கணக்குப்படி, உலகில் டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர், அதாவது மூன்றில் இரண்டு பங்கினர், வளரும் நாடுகளில் இருந்தார்கள். மக்களிடையே நடந்த டிமென்ஷியா ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இருக்கவில்லை. இந்தக் கணக்கு சரியில்லை என்று 1998இல் கொச்சியில் நடந்த கூட்டத்தில்தான் அந்தக் குழு உருவானது. பிறகு அவர்கள் பல நாடுகளில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். இந்தியாவில் எடுத்துக்கொண்ட இரண்டு இடங்களும் தமிழ்நாட்டில் இருந்தன: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். ஒவ்வொன்றிலும் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1000 பேர்.

2008இல் வெளியான முடிவைப் பாருங்கள். மருத்துவ உலகம் வழக்கமாகப் பயன்படுத்தும் அளவுகோலை வைத்துப் பார்த்தால், வேலூர் கிராமங்களில் டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம். அந்த ஆய்வு நடந்த எல்லா இடங்களிலும் இதுதான் மிகக் குறைவு. அதே ஆட்களை இந்தக் குழு தானே உருவாக்கிய அளவுகோலால் பார்த்தால் 10.6 சதவீதம். ஒரே ஊர், ஒரே முதியவர்கள். எண்ணிக்கை மட்டும் முப்பது மடங்குக்கு மேல் மாறுகிறது.

எப்படி? வழக்கமான அளவுகோலில், நினைவு குறைந்திருப்பது மட்டும் போதாது. அதனால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று வீட்டில் இருப்பவர் சொல்ல வேண்டும். நம் ஊரில் அதைக் கேட்டால் என்ன பதில் வரும்? "பாதிப்பு ஒண்ணுமில்லைங்க, வயசாயிடுச்சு, அவ்வளவுதான்." பெரியவர் தானே சமைப்பதில்லை, பேங்குக்குப் போவதில்லை, மாத்திரையைக்கூட யாரோ எடுத்துக் கையில் கொடுக்கிறார்கள். அவரால் முடியாததை எல்லாம் வீடு செய்துவிடுவதால், முடியவில்லை என்பதே வெளியில் தெரிவதில்லை. குடும்பத்தார் பாதிப்பைச் சொல்லாமல் விடுவதும், விழிப்புணர்வு குறைவாக இருப்பதும்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். நான் இன்னொரு படி போய்ச் சொல்வேன். அந்த 0.3க்கும் 10.6க்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பிக்கொண்டிருப்பது வீட்டிலுள்ள ஒருவரின் உழைப்பு. பெரும்பாலும் ஒரு மருமகளின், ஒரு மகளின், ஒரு மனைவியின் உழைப்பு. அவள் நன்றாகப் பார்த்துக்கொள்வதாலேயே நோயும் தெரிவதில்லை, அவளும் தெரிவதில்லை.

பிறகு நாடு முழுவதும் நடந்த ஒரு பெரிய ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. 2023இல் வெளிவந்த கணக்கு இது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். இத்தனை பேருக்குப் பின்னால் இத்தனை வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது ஒருவர்.

நம்மிடம் கூட்டுக் குடும்பம் இருக்கிறது, வெளிநாட்டுக்காரர்களைப் போல இல்லை, பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று எல்லாரும் சொல்வார்கள். நானே ஒரு காலத்தில் மேடையில் பேசியிருக்கிறேன். இதையும் 10/66 குழு சோதித்துப் பார்த்தது. இந்தியா, சீனா, தென்கிழக்கு ஆசியா, லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று பல இடங்களில் 706 குடும்பங்களைப் பேட்டி எடுத்து 2004இல் எழுதினார்கள். பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்கள். வீட்டில் ஆள் அதிகம் இருந்தால் மன அழுத்தம் சற்றுக் குறைகிறது, அது உண்மை. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் அழுத்தத்தின் அளவு பணக்கார நாடுகளில் இருப்பதற்குக் கொஞ்சமும் குறையவில்லை. பலர் வேலையைக் குறைத்திருந்தார்கள். ஏழை நாட்டுக் குடும்பங்கள்தான் தனியார் மருத்துவத்துக்கு அதிகம் செலவழித்திருந்தன. வீட்டில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேரும் பார்ப்பார்கள் என்று அர்த்தமில்லை. ஒருவர் பார்ப்பார், ஏழு பேர் யோசனை சொல்வார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தானா என்று தெரியாது, நான் போன வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான்.

யோசனையோடு நின்றால் பரவாயில்லை, பழியும் வரும். 2001இல் கோவாவில் மனநல ஆராய்ச்சியாளர்களான விக்ரம் படேலும் மார்ட்டின் பிரின்ஸும் முதியவர்களோடும் சுகாதாரப் பணியாளர்களோடும் குழுவாக உட்கார்ந்து பேசி ஒரு ஆய்வு செய்தார்கள். டிமென்ஷியாவின் அறிகுறிகளை விவரித்து, இப்படி ஒருவர் இருந்தால் என்ன காரணம் என்று கேட்டார்கள். முதுமையின் இயல்பு என்றார்கள் பலர். அப்புறம் வந்த பதில்தான் என்னை உலுக்கியது: பிள்ளைகள் அன்பாக இல்லை, கவனிக்கவில்லை, கொடுமைப்படுத்துகிறார்கள், அதனால்தான் இப்படி ஆகிறது. அதாவது நோயின் அறிகுறியையே, பார்த்துக்கொள்பவர் செய்த குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் அப்பா தெருவில் நின்று "சோறு போடலை" என்று சொன்னபோது நடந்ததும் இதுதான். பக்கத்து வீட்டு அம்மா ஒரு டப்பாவில் இட்லி கொண்டுவந்து அண்ணியின் கண்ணெதிரே அப்பாவுக்கு ஊட்டினார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அதற்குப் பிறகு அண்ணி அந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்கப் போவதையே நிறுத்திவிட்டார்.

அந்தப் பழி வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. கேரளத்தில் டாக்டர் கே.எஸ். ஷாஜியும் அவருடைய குழுவினரும் பார்த்துக்கொள்பவர்களோடு நீண்ட உரையாடல் நடத்தி 2003இல் எழுதிய ஆய்வில் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று, நோயின் அறிகுறிகளை வேண்டுமென்றே செய்யும் தொல்லை என்று குடும்பம் எடுத்துக்கொள்வது. இரண்டு, இதை எடுத்துச் சொல்லும் அளவுக்கு டாக்டர்களுக்கு நேரமில்லாமல் இருப்பது. முதலாவதுக்குக் காரணம் இரண்டாவது என்பது என் எண்ணம். "வேணும்னே பண்றார்" என்ற நினைப்புதான் வீட்டிலே கோபத்துக்கு வேர். காலையில் பேரனிடம் அழகாகப் பேசியவர் மத்தியானம் என்னை யாரென்று கேட்டால், நடிக்கிறார் என்றுதான் தோன்றும். ஆனால் இந்த நோயில் மூளை ஒரே சீராகப் பழுதாவதில்லை. பழைய பாட்டு, பழகிய மரியாதை எல்லாம் பெரும்பாலும் நெடுநாள் இருக்கும். இப்போது சாப்பிட்டது போய்விடும். விருந்தாளி வந்தால் அரை மணி நேரம் தன்னைத் திரட்டிக்கொண்டு நன்றாக இருப்பார், அவர்கள் போனதும் களைத்துக் குழம்புவார். பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "நல்லாத்தானே இருக்கார்" என்பார்கள். அந்த ஒரு வரி அண்ணியை எத்தனை நாள் அழ வைத்தது என்று எனக்குத் தெரியும்.

சரி, இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. பயன் உண்டா?

நான் அதிகம் நம்பும் ஆய்வு கோவாவில் நடந்தது, 2008இல் வெளியானது. அமித் டயஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் செய்தது. 81 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதிக் குடும்பங்களுக்கு உடனே உதவி, மீதிப் பேருக்கு ஆறு மாதம் கழித்து. உதவி செய்தவர்கள் டாக்டர்கள் இல்லை, நர்ஸ்கள் இல்லை. உள்ளூர் மொழி தெரிந்த, பள்ளிப் படிப்பு முடித்த, ஊர் ஊராகப் போக மனமுள்ள சாதாரண ஆட்கள். ஒரு வாரம் தீவிரப் பயிற்சி. பின்னால் ஒரு கவுன்சலரும் ஒரு மனநல மருத்துவரும் துணை. அந்த ஆட்கள் குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்குப் போனார்கள். இது என்ன நோய் என்று எடுத்துச் சொன்னார்கள். குளிக்க மறுத்தால் என்ன செய்யலாம், இரவில் எழுந்து நடந்தால் என்ன செய்யலாம் என்று அந்தந்த வீட்டுக்கு ஏற்றபடி பேசினார்கள். தேவைப்பட்டபோது டாக்டரிடம் அனுப்பினார்கள். அரசின் முதியோர் உதவிகள் பற்றிச் சொன்னார்கள். இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களோடு இணைத்துவிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் தெளிவாக முன்னேறியிருந்தது. முதியவரின் நடத்தையால் அவர்கள் படும் வேதனை குறைந்திருந்தது. ஆனால் முதியவரின் நடத்தை பெரிதாக மாறவில்லை. அவர் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்துக்கொள்பவருக்கு அது முன்பு போல் நெஞ்சில் தைக்கவில்லை. சின்ன ஆய்வுதான், ஆறு மாதத்துக்குள் 18 முதியவர்கள் இறந்துபோனார்கள், அதனால் இதை வைத்து எல்லாவற்றையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் இது நம்மைப் போன்ற வீடுகளில் நடந்தது, நம் நாட்டில் நடந்தது.

லண்டனில் கில் லிவிங்ஸ்டன் குழு நடத்திய 'ஸ்டார்ட்' ஆய்வு இதைவிடப் பெரியது, பார்த்துக்கொள்பவர்கள் 260 பேர். உளவியல் பட்டம் பெற்ற, மருத்துவப் பயிற்சி இல்லாத இளைஞர்கள் அவர்களில் ஒரு பகுதியினரைத் தனித்தனியாக எட்டு முறை சந்தித்துப் பேசினார்கள். கையில் ஒரு வழிகாட்டிப் புத்தகம். நடத்தை ஏன் அப்படி மாறுகிறது, நம் மனதில் ஓடும் எந்த எண்ணம் நம்மைச் சுடுகிறது, மற்றவர்களிடம் எப்படி உதவி கேட்பது, பார்த்துக்கொள்பவருக்குப் பிடித்த சின்னச் சின்ன விஷயங்களை வாரத்தில் எங்கே நுழைப்பது, இவைதான் பேச்சு. ஒவ்வொரு சந்திப்பும் மனதைத் தளர்த்தும் ஒரு பயிற்சியோடு முடியும். முதல் முடிவு 2013இல் வந்தது. ஆறு வருடம் கழித்தும் தொடர்ந்து பார்த்தார்கள். அந்த எட்டுச் சந்திப்பு கிடைக்காதவர்களுக்கு, சிகிச்சை தேவைப்படும் அளவு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. எட்டு முறை பேசியதன் பலன் ஆறு வருடம் நின்றிருக்கிறது என்பதை முதலில் படித்தபோது நான் நெடுநேரம் அண்ணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாமே பலன் தந்தது என்று சொன்னால் அது நேர்மை இல்லை. உலக சுகாதார நிறுவனம் பார்த்துக்கொள்பவர்களுக்காக 'ஐசப்போர்ட்' என்ற இணையவழிப் பயிற்சியை உருவாக்கியது. உள்ளடக்கம் நன்றாக இருக்கும். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக் குழு இந்தியாவில் அதைச் சோதித்தபோது, சேர்ந்தவர்களில் பாதிப் பேர்கூடக் கடைசிவரை வரவில்லை. முதியவரை ஒரு மனிதராகப் பார்க்கும் மனப்பான்மை கூடியது, ஆனால் மனச்சோர்விலோ பாரத்திலோ பெரிய மாற்றம் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பகல் முழுக்க ஓடிவிட்டு இரவு பத்து மணிக்குப் போனைத் திறந்து பாடம் படிக்க யாரால் முடியும்? கோவாவில் ஒரு ஆள் வந்து கதவைத் தட்டினார். வந்தவர் முதலில் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று பார்த்துக்கொள்பவரிடம் கேட்கிறார் என்பதே பாதி மருந்து. ஆராய்ச்சியாளர் யாரும் இப்படி எழுத மாட்டார்கள், இது என் தீர்ப்பு.

சமூக மனநல ஆதரவு என்று சொல்வதன் பொருள் இதுதான். மருத்துவமனைக்கு நீங்கள் போவதற்குப் பதிலாக, உதவி உங்கள் தெருவுக்கு, உங்கள் வாசலுக்கு வருவது. ஷாஜியின் குழு இதற்கு முன்பே திருச்சூர் பக்கம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சில மணி நேரம் பயிற்சி கொடுத்து, உங்கள் பகுதியில் டிமென்ஷியா இருக்கலாம் என்று தோன்றுகிறவர்களைச் சொல்லுங்கள் என்று கேட்டது. அவர்கள் சுட்டிக்காட்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு நோய் உறுதியானது. டாக்டர் கண்ணில் படாதது அங்கன்வாடி அக்கா கண்ணில் பட்டது. எந்த வீட்டில் யார் எப்படி இருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

நம் ஊரில் இது எந்த அளவு இருக்கிறது? சட்டத்தில் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்பதை விளக்கும்போது நினைவுத் திறனையும், நேரம், இடம், ஆள் புரியும் திறனையும் சேர்த்தே சொல்கிறது. அதே சட்டத்தின் 18ஆவது பிரிவு, நோயாளியின் குடும்பத்துக்குத் துணைநிற்கும் சேவைகளையும் அரசு தர வேண்டியவற்றில் சேர்த்திருக்கிறது. ஆகவே நீங்கள் உதவி கேட்பது சலுகை கேட்பது ஆகாது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டில் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இப்போது தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் இருக்கிறது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் போய்க் கேட்டால் அந்தக் குழு எந்த நாளில் எந்த ஊருக்கு வருகிறது என்று சொல்வார்கள். அங்கே மனநல சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று குறிப்பாகக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய ஆள் அவர்தான்.

'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு, பிசியோதெரபி உண்டு. மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர் ஏற்கெனவே வாசல்வரை வருகிறார். கோவாவில் ஒரு வாரப் பயிற்சியில் செய்ததை இவர்களைக் கொண்டு செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன், கேட்கும் இடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். அதுவரை, உங்கள் மாமனாருக்கு மாத்திரை கொண்டுவருகிறவர் இருந்தால் அவரிடம் உங்கள் நிலைமையையும் சொல்லிவையுங்கள். அவர் மூலமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செய்தி போகும்.

சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு டிமென்ஷியாவுக்கென்றே தனிப் பிரிவு நடத்துகிறது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய அமைப்பு அது. அல்சைமர் என்பது டிமென்ஷியாவில் ஒரு வகை; 1992இல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் சங்கத்துக்கு, ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்பார்கள், பல ஊர்களில் கிளைகள் இருக்கின்றன. பார்த்துக்கொள்பவர்கள் கூடிப் பேசும் கூட்டங்களை இப்படிப்பட்ட அமைப்புகள் நடத்துகின்றன. போக முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416, டெலி மனஸ் என்பார்கள், இருக்கிறது, இரவும் பகலும், இலவசம், தமிழில் பேசலாம். நோயாளிக்குத்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, உங்களுக்காகவே கூப்பிடலாம். 14567 என்பது முதியோர் உதவி எண்.

இனி, நீங்கள் கத்தியதைப் பற்றி.

கேள்வியில் அதை ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். அதற்காகத்தான் தூக்கம் வராமல் கிடக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் பார்த்த வீடுகளில், கத்தாமல் ஒருவர்கூட இருந்ததில்லை. கத்தியது உங்கள் குணத்தின் கோளாறு என்று நினைக்காதீர்கள். இடைவேளை இல்லாமல் ஒருவர் வேலை பார்க்கிறார் என்பதற்கான அடையாளம் அது. ஆனால் அதைக் கவனிக்கவும் வேண்டும். கத்துவது பிடித்துத் தள்ளுவதாக, அறையைப் பூட்டிவிட்டுப் போவதாக மாறுகிற நாள் வரலாம், நல்லவர்களுக்கும் வந்திருக்கிறது. அல்லது தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டி, எதிலும் பிடிப்பில்லாமல், போய்ச் சேர்ந்தால் நல்லது என்று உங்களைப் பற்றியோ அவரைப் பற்றியோ எண்ணம் ஓடலாம். அப்போது தாமதிக்காமல் உங்களுக்கென்று ஒரு டாக்டரைப் பாருங்கள். மனச்சோர்வு வைத்தியம் செய்தால் குணமாகிற நோய்.

எந்த நேரத்தில் கத்துகிறீர்கள் என்று ஒரு வாரம் நாள்காட்டியில் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நேரங்கள்தான் வரும்: குளியல், சாயங்காலம், இரவு. சாயங்காலம் பலருக்குக் குழப்பம் கூடும், வீட்டிலேயே இருந்துகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறொருவர் இருக்கும்படி செய்ய முடியுமா என்று கணவரிடம் கேளுங்கள். 'கொஞ்சம் உதவி பண்ணுங்க' என்றால் யாருக்கும் விளங்காது. 'செவ்வாய், வெள்ளி ஆறிலிருந்து ஏழுவரை அப்பா உங்க பொறுப்பு, நான் கோயிலுக்குப் போயிட்டு வரேன்' என்றால் விளங்கும். ஸ்டார்ட் ஆய்வில் சொல்லிக்கொடுத்த விஷயங்களில் இதுவும் ஒன்று, தயங்காமல் தெளிவாகக் கேட்பது.

அப்புறம், திருத்துவதை விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் இதைக் கற்றுக்கொள்ள நாலு மாதம் ஆனது. கடையை விற்றாயிற்று என்று சொல்லிச் சொல்லி நாங்கள்தான் சண்டையை வளர்த்தோம். கூட வேலை பார்த்த ஒரு நர்ஸ் அம்மா ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர், "அவர் கேக்குறது சாவிதானே, குடுங்களேன்" என்றார். பழைய பூட்டுச் சாவிகள் நாலைந்தை ஒரு வளையத்தில் கோத்து அண்ணி அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா அதைத் தடவிப் பார்த்தார், மடியில் செருகிக்கொண்டார், திரும்பப் படுத்துவிட்டார். பகலில் ஒரு முறம் நிறைய வேர்க்கடலை கொடுத்தால் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எல்லா நாளும் இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். பாதி நாள் நடந்தது. அந்தப் பாதி நாளில் அண்ணி தூங்கினார்.

ஒரு எச்சரிக்கை மட்டும். மாமனாரின் நிலை மாதக்கணக்கில் மெல்ல மோசமானால் அது நோயின் போக்கு. இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழப்பம் கூடினாலோ, ஆள் மந்தமாகக் கிடந்தாலோ, இல்லாதது கண்ணுக்குத் தெரிகிறது என்றாலோ, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் வற்றுவது, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று வேறு காரணம் இருக்கலாம். டிமென்ஷியா முற்றிவிட்டது என்று நினைத்துக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். தைராய்டும் பி12 வைட்டமினும் ரத்தத்தில் இதுவரை பார்க்கவில்லை என்றால் அதையும் கேளுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கணவர் கட்டாயம் கூட வரட்டும். ஆனால் டாக்டருக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். முதல் நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இரவில் எத்தனை முறை எழுகிறார், நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், கடைசியாக எப்போது வீட்டைவிட்டு வெளியே போனீர்கள். பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டால் "நான்" என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மாமனாரைப் பற்றிப் பேசி முடித்ததும் தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பி, "இது என்னைப் பத்தி டாக்டர், ரெண்டு நிமிஷம்" என்று கேளுங்கள்.